ஆட்சேபனை இல்லை என அறியத் தருகிறேன்

இரண்டாம் லயம், ஐந்தாம் காம்பரா,
கீழ்ப்பிரிவு,
அக்கரப்பத்தனை.

மதிப்பிற்குரிய பூரணி அவர்களுக்கு,

விடயம்: குவைத்தில் மேலும் இரண்டு வருடம் தங்குவது சம்பந்தமாக.

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் மகள் கிருஷாந்தியும் சுகம். அதுபோல நீயும் நீ வேலை செய்யும் வீட்டு மேடமும் அவருடைய நான்கு பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். "மதிப்பிற்குரிய" என்பதைப் பார்த்துச் சிரிக்காதே. பதினோரு வருடம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்து துரைக்கு மனு எழுதிய கை இது. பெண்டாட்டிக்குக் கடிதம் எழுத இதுவரை அவசியம் வந்ததில்லை, குவைத்துக்குப் போகும்வரை நீ கூப்பிடு தூரத்தைத் தாண்டியதில்லை, போன பிறகு போன் இருக்கிறது. கிருஷாந்தி எட்டிப் பார்த்துவிட்டு, யாராவது அம்மாவுக்கு இப்படி எழுதுவார்களா என்று தலையில் அடித்துக்கொண்டாள். எழுதியது எழுதியதுதான் என்று விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. கோயில் பாறையில் ஏறினால்தான் சிக்னல் வருகிறது, அங்கே எந்நேரமும் லயத்து வீட்டுச் சனத்தில் பாதி போனோடு நிற்கிறது. உன் குரல் நன்றாகக் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரில் போட்டது பிழை. "அக்கிரிமெண்டு மாசியில முடியுது, மேடம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க, நீங்க என்னா சொல்றீங்க?" என்று நீ கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் பாறையில் நின்ற ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் உன் மேடம் கூப்பிட்டுவிட்டார். ஆகையால் இந்தக் கடிதத்தை மூன்றாம் லயத்து ஜெயந்தினியின் கையில் கொடுத்து விடுகிறேன். அவளும் நீ இருக்கும் நகரத்துக்குத்தான் வேலைக்கு வருகிறாள். இன்று மத்தியானம் அவளை ஏற்ற வேன் வருகிறது.

நானும் கிருஷாந்தியும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பிள்ளை அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும், அதற்கு ஹட்டனில் டியூசன் கிளாசுக்கு அனுப்பப் பணம் வேண்டும். மேட்டில் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நிற்கிறது, கூரை இல்லை. ஆகவே நீ கையெழுத்துப் போடுவதில் எங்களுக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை. எங்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ரொட்டி நானே சுடுகிறேன். முதல் நாள் சுட்டதைப் பக்கத்துக் காம்பரா நாய்க்குப் போட்டோம், அது மரியாதையாக வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தது. இப்போது அந்த நிலைமை இல்லை, நாய் வருவதே இல்லை. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது கை பழக்கத்தில் உன் கோப்பையிலும் ஊற்றிவிடுகிறது. வீணாக்கக் கூடாது என்று இரண்டையும் நானே குடிக்கிறேன், வயிறு கொஞ்சம் பொருமுகிறது, வேறொன்றும் இல்லை. நீ விட்டுப்போன சீரியலையும் ஒருநாள் தவறாமல் பார்க்கிறேன். கதையை உனக்குச் சொல்லத்தான் பார்க்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைக்கும் பத்து நிமிடமும் அந்த மருமகள் படும் பாட்டைச் சொல்லியே முடிந்துபோகிறது, நீ சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிடுகிறேன்.

அடுத்து, ஒரு சிறு விடயம். வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே அறியத் தருகிறேன். நம் பிரிவுக்குப் பிரதாப் என்று புதுக் கணக்கப்பிள்ளை வந்திருக்கிறார். நல்ல பையன், ஆனால் அவசரக்காரர். வந்த முதல் நாள் பழைய பேர் இடாப்பைத் தூக்கிக்கொண்டு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மூடுபனி, யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. அவர் பேர் கூப்பிட, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்துவிட்டு வேலைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று "பூரணி" என்றார். நான் யோசிக்கவில்லை பூரணி, சத்தியமாக யோசிக்கவில்லை. வாய் தானாக "வந்துருக்குங்க" என்றது. அவரும் தலை நிமிராமல் குறித்துவிட்டு அடுத்து என் பேரைக் கூப்பிட்டார். அதற்கும் "வந்துருக்குங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் மலைக்கு ஏறிவிட்டேன்.

சாயந்திரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது பூரணியின் கொழுந்து எங்கே என்று தேடியிருக்கிறார்கள். அடுத்த நாள் நம் காம்பராவுக்கு உன் பேரில் ஒரு கடிதம் வந்தது: பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஏழாம் நம்பர் மலையில் வேலைக்கு நிற்காததற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இந்தத் தோட்டத்தில் யாருக்கு விளக்கம் கேட்டு வந்தாலும் எழுதிக் கொடுப்பவன் நான். ஆகவே உனக்கும் நானே எழுதினேன். மேற்படி பூரணி ஒன்றே முக்கால் வருடமாகக் குவைத்தில் இருப்பதால் மேற்படி தினத்தில் மேற்படி மலைக்குச் சமூகமளிக்க இயலவில்லை என்று மிகவும் பணிவாக எழுதினேன். ஆபீஸ் அறையில் சின்னத்துரை அதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் பேர் கொடுத்தது யார் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

எத்தனையோ பேருக்காக அந்த அறையில் வாதாடியிருக்கிறேன், அன்று எனக்காகவே வாதாட வேண்டியதாயிற்று. "பதினேழு வருசமா அவ பேருக்கு அடுத்துதாங்க எம் பேரு. அதக் கூப்பிடாம வுட்டா எம் பேரு வர்றதே எனக்குத் தெரிய மாட்டேங்குதுங்க" என்றேன். அவர் இடாப்பைத் திறந்து உன் பேரில் விரலை வைத்தார். பிறகு, நீ திரும்பி வருவதென்றால் பேரை இடாப்பில் விட்டுவைக்கிறேன், இல்லையென்றால் வெட்டிவிடவா என்று கேட்டார். நீ கையெழுத்துப் போடப்போவதால் வெட்டிவிடச் சொல்லிவிட்டேன். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, நடைமுறைதான்.

மற்றபடி இங்கே மழை. உன் மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் துணி காயப்போடும்போது தலையை மூடிக்கொள். அம்மனின் அருள் உனக்கு எந்நாளும் துணையிருக்கப் பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
பழனியாண்டி
தோட்டத் தலைவர், உன் புருசன்.

பி.கு.: மேலே உள்ளதைக் கிருஷாந்தி வாசித்துப் பார்த்து, சரியப்பா, இதைப் படித்தால் அம்மா நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள் என்று சொல்லி, அவளே உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் உறையைப் பிரித்தேன். அவளுக்குத் தெரியாமல் உனக்கு நான்கு வரி எழுத வேண்டியிருந்தது. உள்ளே என் கடிதத்தோடு கொப்பியிலிருந்து கிழித்த இன்னொரு தாளும் இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது பிழைதான், படித்துவிட்டேன். "அம்மா, அப்பாவுக்குத் தெரியாம எழுதுறேன். அவரு எழுதுனத நம்பாதீங்க. அவரு சரியாவே சாப்பிடுறதில்ல. நா ஹட்டன்ல கிளாசுக்கு எல்லாம் போகல, தோட்டத்து ஸ்கூல்லயே படிச்சுக்கிறேன். கூர இல்லாட்டியும் பரவால்ல. வந்துருங்கம்மா." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். என்னிடம் நேற்றுவரை சிரித்துக்கொண்டே, அம்மா இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். நானும் அவளிடம் அப்படியே சொன்னேன்.

அந்தத் தாளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீ பார்த்ததாக அவளிடம் சொல், நான் பார்த்ததாகச் சொல்லாதே. சின்னத்துரையிடம் பேரை வெட்டச் சொன்னதாக எழுதியது பொய். "மாசியில வந்துருவாங்க" என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். ஆட்சேபனை இல்லை என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு ஆட்சேபனை இருக்கிறது பூரணி. நீ போன நாளிலிருந்தே இருந்தது. கையெழுத்துப் போடாதே.