இரு தரப்பும் வரும்வரை

கையில் ஒரு விசிலும் நாலு விதி எழுதிய தாளும் கிடைத்துவிட்டால், எப்பேர்ப்பட்ட சோப்ளாங்கியும் கலெக்டர் ஆகிவிடுவான். நான் ஆனேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். ஆட்சி மாறிய புதிது. விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்று மிராசுதாரும் குத்தகைக்காரர் முத்தையனும் மல்லுக்கு நின்றார்கள். பங்கு பிரியும்வரை களத்து நெல்லுக்கு ஊர் கூடிக் காவல் போட்டது. அந்தக் காவல் அடியேன். (ஊரிலேயே வேறு வேலை இல்லாதவன் நான் ஒருத்தன்தான்.) காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நகரக் கூடாது. மாற்று ஆள் வராமல் வீட்டுக்குப் போகக் கூடாது. யாராவது அள்ளினால் தெரியட்டும் என்று குவியலில் தெளித்த சாணிப்பால் குறி கலையக் கூடாது. இரு தரப்பும் வராமல் யாரும் நெல்லைத் தொடக் கூடாது, தொட்டால் விசில்.

மூன்றாம் நாள் மத்தியானம், தை மாதத்தில், கருகருவென்று மேகம் திரண்டது. முத்தையன் மனைவி அஞ்சலை அக்கா தலையில் கீற்றுக் கட்டோடு ஓடி வந்தார்.

"தம்பி, ஒரு கை குடு, மூடிடலாம். நனைஞ்சா முளை விட்டுடும். வருஷம் பூரா புள்ளைங்க பட்டினிதான்."

"தொடாதீங்கக்கா. ரெண்டு தரப்பும் வரணும்."

"மிராசு தஞ்சாவூர்ல இருக்காரு. எங்க வீட்டுக்காரரு அவரைக் கூப்பிடத்தான் போயிருக்காரு. அவங்க வந்தப்புறம் பெய்யச் சொல்லி மழைகிட்ட நீயே சொல்லு!"

சொல்லிக்கொண்டே அக்கா கீற்றை விரித்தார். நான் விசிலை ஊதிவிட்டேன். அட மடையா! ஊரில் விசில் என்றால் திருட்டு. மேலத்தெருவிலிருந்து மிராசுதாரின் பண்ணை ஆட்கள், கீழத்தெருவிலிருந்து முத்தையன் ஆட்கள், எல்லோர் கையிலும் கம்பு. ஒரு அடி விழுந்தால் ஊரே பற்றிக்கொள்ளும்.

அக்கா குவியலுக்கு முன்னால் நின்று ஒரு சத்தம் போட்டார்.

"கம்பைப் போட்டுட்டுக் கீத்தைத் தூக்குங்கடா! நெல்லு போயிட்டா எதுல பங்கு கேப்பீங்க?"

தூக்கினார்கள், இரண்டு தெருவும் சேர்ந்து. மழை இறங்குவதற்குள் நெல் மூடியாகிவிட்டது. நனைந்தது நான்தான், மாற்று ஆள் வரவில்லையே.

மறுநாள் பஞ்சாயத்தில் பண்ணைக் காரியக்காரர் முறைத்தார். "வெட்டுக்குத்து ஆகியிருக்கும். விசிலை எதுக்குடா ஊதுன?"



"நான்தாங்க ஊதச் சொன்னேன்," என்றார் அக்கா. "மூட ஆளு வேணும்ல?"

அந்தப் பொய்க்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அது இல்லாவிட்டால் ஊரில் தலைகாட்டியிருக்க முடியாது.

என் கல்யாணப் பந்தியில் அதே அக்கா முழுக் கதையையும் மணப்பெண்ணிடம் ஒப்பித்துவிட்டார். அன்றிலிருந்து வானம் இருண்டால் என் மனைவி கேட்பாள்: "ஏங்க, மொட்டைமாடித் துணியை எடுக்கணும். யாருகிட்ட எழுதி வாங்கணும்?"

அந்த வருஷம் அக்கா வீட்டுப் பிள்ளைகள் சோறு தின்றார்கள். அக்கா என் விதியைக் கேட்டிருந்தால் அதுவும் இல்லை; என்னை ஆயுசுக்கும் கேலி செய்தாலும் தகும்.