மீசைக்காரர் மீன் பார்க்கக் கிளம்பினார்

வாளிக்குள்ளிருந்து தலையைத் தூக்கியபோது மீசைக்காரரின் முகமூடிக்குள் பாதிக்குத் தண்ணீர் நின்றது. கண் இரண்டும் அதற்குள் முழித்துக்கொண்டிருந்தன. அவர் வாயிலிருந்து குழாயைத் துப்பினார்.

"எத்தனை?"

"நாலு செகண்டு," என்றாள் அவர் மனைவி. குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று நோட்டில் எழுதிக்கொண்டாள். "நேத்து அஞ்சு."

"நேத்து வாளியில தண்ணி கம்மி."

"கடல்ல கம்மியா இருக்காதுங்க."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் எழுதி வைப்பாள். ஊருக்கும் டீச்சர், தம்பி தவிர்த்த மற்ற சொந்தங்களுக்கும் டீச்சர்தான். மீசையும் கோபம் இல்லாத நேரத்தில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் ஒரு சரக்குக் கிடங்கில் கேட் சூப்பர்வைசர். அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் மீசை. பத்தொன்பது வயதில் வைத்தது. இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி ஏறி நிற்கும். பாஸ் இல்லாமல் லாரி வந்தால் அவர் கத்த மாட்டார். வலது பக்க நுனியை ஒரு முறுக்கு முறுக்குவார். டிரைவர் தானாகவே ரிவர்ஸ் எடுப்பான். இருபது வருட வேலையில் அவர் உருப்படியாகச் செய்தது அந்த முறுக்கு ஒன்றுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. பொய் இல்லை.

வம்பு அவர் வாயிலிருந்துதான் வந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்த அன்று, மச்சான் எதிரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "உனக்கு என்ன வேணும்னாலும் கேளு டீச்சர்," என்று சொல்லிவிட்டார். புடவை கேட்பாள் என்று நினைத்திருந்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

ஒரு தீவு. சுற்றிலும் நீலமாகக் கடல். நோட்டீஸ் அடித்தவனிடம் நீல மை மிச்சம் இருந்திருக்கும். அந்தக் கடலில் நாலு பேர் குப்புறக் கிடந்தார்கள்.

"செத்துட்டாங்களா?" என்றார் மீசை.

"மீன் பார்க்கறாங்க."

மூஞ்சியில் கண்ணாடி முகமூடி, வாயில் மூச்சு விடக் குழாய். அப்படியே குப்புற மிதக்க வேண்டும். அடியில் மீன் போகும், பார்க்க வேண்டும். மீனைப் பார்ப்பதற்கு அது குடியிருக்கிற இடத்துக்கே போய்க் குப்புற விழ வேண்டும் என்று எவனோ கண்டுபிடித்து, அதற்கு டிக்கெட்டும் போட்டிருக்கிறான்.

கேட்கச் சொல்லியாகிவிட்டது. மச்சான் வேறு சாட்சி. மறுவாரமே டீச்சர் ஒரு கடைக்குப் போய் முகமூடியும் குழாயும் வாங்கி வந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது வாளிப் பரீட்சை.

முகமூடி நல்ல முகமூடிதான். அதன் ரப்பர் விளிம்பு நெற்றியில் ஒட்டியது, கன்னத்தில் ஒட்டியது. மூக்குக்குக் கீழே வந்ததும் மீசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு முடிக்கு இடையிலும் ஒரு வாய்க்கால். தண்ணீர் புகுந்தது.

காரணம் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஒண்ணும் கட்டாயம் இல்லீங்க," என்றாள் டீச்சர் நோட்டை மூடிக்கொண்டே. "தண்ணி புகுந்துச்சுன்னா உங்களைக் கடல்ல இறக்க மாட்டாங்க. நீங்க படகுலயே உட்காந்திருங்க. நான் போயிட்டு வந்துடறேன்."

"தனியாவா?"

"தனியா எதுக்கு? கைடு இருக்கான். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் மீன் காட்டுவானாம்."

மீசை நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் கைடு படம் இருந்தது. இருபத்தைந்து வயசு இருக்கும். சட்டை போடவில்லை. மூஞ்சி மழுமழுவென்று இருந்தது.

அவர் மறுபடியும் வாளிக்குள் தலையை விட்டார்.

*

முதலில் வாரை இறுக்கிப் பார்த்தார். ஒரு ஓட்டை, இரண்டு ஓட்டை, கடைசி ஓட்டை. ஆறு செகண்டு வந்தது. ஆனால் கழற்றியபோது நெற்றியிலிருந்து மூக்கடி வரை சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. காலையில் நீலமாகிவிட்டது.

கேட்டில் முதல் லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி நிதானமாகப் பார்த்தான்.

"அண்ணே, கைல என்ன வச்சு அடிச்சாங்க? கரண்டியா?"

"பாஸை எடு."

"இல்லண்ணே, ரெண்டு கண்ணும் ஒரே அளவா இருக்குதே. அதான் கேட்டேன். அளவு பார்த்துத்தான் அடிச்சிருக்காங்க. டீச்சராச்சே."

மீசை வலது நுனியை முறுக்கினார். டிரைவர் சிரித்துக்கொண்டே உள்ளே ஓட்டிப் போனான். இருபது வருடத்தில் முறுக்கு பலிக்காத முதல் லாரி அது.

சாயங்காலம் மச்சான் வந்தான். டீச்சரின் தம்பி. எந்த வேலையிலும் ஒரு வருடம் நிற்காதவன். அதனால் எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அப்படிப்பட்டவன் யோசனை சொன்னால் காது கொடுக்கலாம், மூஞ்சியைக் கொடுக்கக் கூடாது. மீசைக்கு அன்றைக்கு வேறு வழி இல்லை.

"மாமா, இது சின்ன விஷயம். ரப்பருக்கும் முடிக்கும் நடுவுல சந்து. சந்தை அடைச்சா முடிஞ்சுது."

"எதை வச்சு?"

"சைக்கிள் டியூபை மெல்லிசாக் கிழிச்சு விளிம்புல ஒட்டிடறேன். மெத்தை மாதிரி அமுங்கும்."

"தண்ணி வராதே?"

"பஞ்சர் ஒட்டினா தண்ணிக்குள்ள வச்சுத்தானே மாமா சோதிப்பாங்க."

மீசை மனைவியைப் பார்த்தார். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

தம்பியை அவள் அப்படிப் புகழ்ந்து யாரும் கேட்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மீசை சந்தேகப்படவில்லை.

மச்சான் டியூபைக் கிழித்தான். பசையைத் தடவினான். பத்து நிமிஷம் காய வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. மச்சான் டப்பாவைப் படிக்கிற ஆள் இல்லை.

"மாட்டுங்க மாமா."

மாட்டினார். வாளிக்குள் தலையை விட்டார். டீச்சர் தாளை வைத்துவிட்டு எழுந்து வந்து எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. ஒரு நிமிஷம். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

மீசை நிமிர்ந்தார். குழாயைத் துப்பிவிட்டு முகமூடிக்குள்ளேயே சிரித்தார். மூக்கு அடைத்திருந்ததால் குரல் கிணற்றிலிருந்து வந்தது. "கைடு இனிமே மீனை மட்டும் பிடிக்கட்டும்."

பிறகு முகமூடியைக் கழற்றப் போனார். வரவில்லை.

மச்சான் ஒரு பக்கம் இழுத்தான். மீசை மறுபக்கம் தலையை இழுத்தார். முகமூடியோடு மேல் உதடு இரண்டு அங்குலம் முன்னால் வந்துவிட்டு, திரும்ப இடத்துக்குப் போனது.

"விடுடா, விடுடா. பல்லெல்லாம் வருது."

"பசை நல்ல பசை மாமா. கடைக்காரன் பொய் சொல்லல."

சோப்புப் போட்டார்கள். எண்ணெய் விட்டார்கள். வெந்நீர் ஊற்றினார்கள். வெந்நீரில் பசை இன்னும் இறுகியது. முகமூடியின் கண்ணாடி மீசையின் மூச்சு பட்டு வெள்ளையாக மூடிக்கொண்டது. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"சலூனுக்குப் போயிடலாங்க," என்றாள் டீச்சர்.

இரண்டு தெரு தள்ளித்தான் சலூன். டீச்சர் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கடலுக்கா?"

"சலூனுக்கு," என்றது முகமூடி.

எதிர்வீட்டுக்காரர் முகமூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் செடியை விட்டுத் தன் காலில் விழுவதையும் கவனிக்கவில்லை.

சலூன்காரர் முப்பது வருடமாக அந்த மீசையை வெட்டிச் சீவி வந்தவர். அதை வேறு யாரையும் தொடவிட்டதில்லை. விரலை விட்டுப் பார்த்தார். விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"முடிக்குள்ள பசை இறங்கிடுச்சு. ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும். முகமூடியை அறுக்கவா, மீசையை அறுக்கவா? சொல்லுங்க."

மீசை பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"முகமூடி புதுசு," என்றாள் டீச்சர்.

சலூன்காரர் மீசையின் மூஞ்சியைப் பார்த்தார். அங்கே மூஞ்சி எதுவும் தெரியவில்லை, வெள்ளையாகக் கண்ணாடிதான் தெரிந்தது. அது தலையாட்டியதா, நடுங்கியதா என்பது இன்றுவரை தகராறில் இருக்கிறது. அவர் கத்தியை எடுத்தார்.

கால் மணி நேரத்தில் முகமூடி வந்துவிட்டது. அதன் உள்பக்கத்தில் மீசை இருந்தது. இரண்டு நுனியும் மேல்நோக்கி, ஒரு முடி கலையாமல்.

அதற்குக் கீழே இருந்த உதடு முப்பது வருடமாக வெயில் காணாதது. வெளிறிப்போய், வேறு யாரிடமோ இரவல் வாங்கி வந்தது போல இருந்தது. டீச்சர் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

*

காலையில் வந்த டிரைவர் அவரைத் தாண்டிக் கேபினுக்குள் எட்டிப் பார்த்தான்.

"சூப்பர்வைசர் லீவா தம்பி?"

"நான்தான் சூப்பர்வைசர்."

"சரி சரி. அவரு வந்தா நான் உள்ள போயிட்டேன்னு சொல்லிடு."

அவர் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது. அங்கே முறுக்க ஒன்றும் இல்லை. லாரி பாஸ் காட்டாமலே போய்விட்டது. அன்று மட்டும் அப்படி ஐந்து லாரி. சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, கேட்டுக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா, உங்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுக்கட்டுமா என்று பக்குவமாக விசாரித்தார். பக்குவமாகக் கேட்கிற மேனேஜரை நம்பக் கூடாது என்று மீசைக்குத் தெரியும்.

"முளைச்சிடும் சார்," என்றார்.

"எவ்வளவு நாள்ல?"

"பழைய அளவுக்குன்னா ஒரு வருஷம்."

மேனேஜர் ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தார். ஆறாவது லாரி போய்க்கொண்டிருந்தது.

டிக்கெட் ஆபீஸில் அதைவிட மோசம். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். மீசையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"பாஸ்போர்ட்ல இருக்கிறவரு வரலையா மேடம்?"

"இவருதாங்க அவரு."

"அப்படின்னு ஒரு லெட்டர் வேணும். வேலை செய்யற எடத்துல வாங்கிட்டு வாங்க."

மேனேஜர் லெட்டர் கொடுத்தார். 'இதைக் கொண்டுவருபவர் எங்கள் கேட் சூப்பர்வைசர்தான் என்று அவரே சொல்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கு அதற்குமேல் பொறுப்பேற்க விருப்பம் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, கிளம்ப ஒரு வாரம் இருக்கையில், பசையெல்லாம் சுரண்டித் துடைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு மீசை வாளிக்குள் தலையை விட்டார்.

ஒரு செகண்டு கூட நிற்கவில்லை. கதவு திறந்து விட்டது போலத் தண்ணீர் உள்ளே வந்தது.

"இது என்ன அநியாயம்," என்றார் இருமிக்கொண்டே. "இப்பதான் மீசையே இல்லையே."

டீச்சர் முகமூடியை அவர் முகத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரு விரல் சந்து.

"மீசைக்கும் சேர்த்துப் பெரிய சைஸா வாங்கினதுங்க. இப்ப லூசாயிடுச்சு. சின்னதா மாத்தணும்."

"நாளைக்கே மாத்திட்டு வரேன்."

"நீங்க போக வேணாம்," என்றாள் அவள் சட்டென்று. "ஞாயித்துக்கிழமை நானே போறேன். கடை உங்களுக்குத் தெரியாது."

கடையின் பெயர் ரசீதில் இருந்தது. பாவம், பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டு இதற்கும் அலைவானேன் என்று மீசை நினைத்தார். வியாழக்கிழமை கேட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லாரிகள் ஒரே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தன.

சின்னக் கடை. சுவர் முழுக்கக் குழாயும் முகமூடியும் தொங்கின. ரப்பர் வாசனை. கடைக்காரர் ஒல்லியான மனிதர், மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. ரசீதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டீச்சரம்மா வாங்கினதா? நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு மணி நேரம் நின்னு ஒவ்வொண்ணா விசாரிச்சாங்க. நீங்க அவங்களுக்கு?"

நான்தான் புருஷன் என்று சொல்லி அதை நிரூபிக்க மீசைக்குத் தெம்பு இல்லை. அந்த வாரம் நிறையவே நிரூபித்தாகிவிட்டது.

"சொந்தக்காரன்," என்றார். "இது லூசா இருக்கு. சின்னது வேணும்."

"லூசா எப்படி இருக்கும்? அவங்க வீட்டுக்காரரு பெரிய மீசைக்காரராச்சே. போட்டோ காட்டினாங்க."

"மீசையை எடுத்துட்டாரு."

கடைக்காரர் கையிலிருந்த முகமூடியைக் கீழே வைத்தார். மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எடுத்தே எடுத்துட்டாரா? மீசைமேல கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கிட்டா ஒரு சொட்டுத் தண்ணி இறங்காதுன்னு நான் சொன்னதுக்கு, அதை அவரு காதுல மட்டும் யாரும் போட்டுடாதீங்கன்னு டீச்சரம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க."