பீன்யாவிலிருந்து தப்பிக்க ஹவுசா படித்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்.கே.ஜி.யைத் தவிர வேறு எந்த வகுப்பிலும் நான் முதல் பாடத்தைப் படித்ததில்லை. முதல் பாடம் என்றாலே அறிமுகம். அறிமுகத்திலிருந்து எவனும் பத்து மார்க் கேள்வி கேட்க மாட்டான். இந்த ஒரே கொள்கையை வைத்துக்கொண்டு பி.காம். வரை முடித்துவிட்டேன். (அரியர் இருந்துச்சு. அதை இப்ப கிளற வேண்டாம்.) கொள்கை என் காலை வாரிவிட்டது ஒரே ஒரு தடவைதான். ஹவுசா மொழிப் பரீட்சையில்.

ஹவுசா என்பது நைஜீரியாவின் வடக்குப் பக்கம் பேசுகிற மொழி. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் சோஃபாவில் படுத்துக் கிடந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பீன்யாதான் சம்பந்தம்.

அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நான் டிகிரி முடித்து எட்டு மாதம் ஆனபோது ஒருநாள் சோஃபா முன்னால் வந்து நின்றார்.

"ஷீபா, சோஃபாவுல உன் சைசுக்குக் குழி விழுந்துருச்சு. எங்க கம்பெனி ரிசப்ஷன்ல ஆள் கேக்குறாங்க. திங்கக்கிழமை வந்து சேர்ந்துடு."

"ப்பா, நான் ஃபாரின் போய்ப் படிக்கப் போறேன்."

"என்ன படிக்கப் போற?"

அது எனக்கே தெரியாது. அன்று முழுக்க இன்டர்நெட்டில் தேடினேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகளுக்கான முதுகலைப் படிப்பு இருந்தது. முழு ஸ்காலர்ஷிப். ஆனால் ஏதாவது ஒரு மொழியில் ஆரம்ப நிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஸ்வாஹிலிக்குக் கூட்டம் அம்முகிறது என்று யாரோ புலம்பியிருந்தார்கள். ஹவுசாவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. புலம்பக்கூட ஆள் இல்லாத இடத்தில் போட்டி எப்படி இருக்கும்? (காமர்ஸ் ஸ்டூடன்ட்டுப்பா நானு.)

அப்பா மூன்று மாதம் டைம் கொடுத்தார். "சீட்டு கிடைக்கலைன்னா அதுக்கு அடுத்த திங்கக்கிழமை பீன்யா. அப்புறம் பேச்சே கிடையாது."

ஹவுசா சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தது கம்மனஹள்ளி ஜூஸ் கடையில். அமினு. நைஜீரியாவின் கானோ ஊர்க்காரன், இங்கே பார்மசி படிக்கிறான். என் வயசுதான். பதிலுக்கு நான் அவனுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும் என்பது ஒப்பந்தம். நாங்கள் பேசியது இங்கிலீஷில். நடுவில் அவன் கன்னடத்தையும் தூவுவான். உங்களுக்கு நம்ம பாஷையில் சொல்கிறேன்.

முதல் வகுப்பில் அவன் நோட்டையே திறக்கவில்லை. "இனா குவானா?" என்றான். ராத்திரி எப்படித் தூங்கினாய் என்று அர்த்தமாம். "லாஃபியா லௌ" என்றால் நல்லாத் தூங்கினேன். சரி, ஆச்சு என்று பேனாவை எடுத்தேன். அவன் விடவில்லை. களைப்பு எப்படி இருக்கு, வேலை எப்படி இருக்கு, குடும்பம் எப்படி இருக்கு, வெயில் எப்படி இருக்கு என்று அடுக்கிக்கொண்டே போனான். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லி, அதையே திருப்பி அவனிடம் கேட்க வேண்டுமாம்.

"டேய், களைப்பு எப்படி இருக்குன்னு எல்லாமா கேப்பாங்க?"

"கேக்காம எப்படிப் பேச ஆரம்பிப்ப? எங்க ஊர்ல இது இல்லாம பேச்சே இல்ல. முதல் பாடமே இதுதான்."

முதல் பாடம்! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் மூளை ஷட்டரை இறக்கிவிட்டது.

எனக்கு இந்த நலம் விசாரிக்கும் சமாச்சாரத்தின் மீதே ஒரு எரிச்சல் உண்டு. காரணம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் கேட்டைத் தாண்ட அம்மாவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் சுகமா, சாப்டாச்சா, முட்டிவலி தேவலையா, மருமகள் ஊரிலிருந்து வந்தாச்சா என்று கேட்டு, அவர்கள் திருப்பிக் கேட்பதற்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள், அப்பா ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடுவார்.

"அமினு, இதெல்லாம் வேணாம். இம்பார்ட்டன்ட் கொஸ்டின் மட்டும் குடு. நான் மக்கப் பண்ணிக்கிறேன்."

"நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் கெஞ்சினான். நான் கேட்டால்தானே! கடைசியில் இரண்டு கட்டுரை எழுதிக் கொடுத்தான். ஒன்று 'சந்தை'. இன்னொன்று 'என் குடும்பம்'. இரண்டாவது அவன் வீட்டைப் பற்றி அவனே எழுதியது. நான் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டேன். அதில் "எங்கள் வீட்டில் ஏழு ஆடுகள் இருக்கின்றன" என்று ஒரு வரி இருந்தது. லிங்கராஜபுரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிற எங்களுக்கு ஆடு ஏது? ஆனால் ஆட்டை எடுத்துவிட்டால் அடுத்த வரி எனக்கு ஞாபகம் வரவில்லை. எனவே ஏழும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுத்துத் தேர்வு ஆன்லைனில் நடந்தது. சொல்லி வைத்தாற்போல் சந்தையைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். பாஸ்! அன்று நான் ஆடிய ஆட்டத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மிச்சம் இருந்தது பதினைந்து நிமிட வீடியோ நேர்காணல் மட்டும். சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு. ஜெர்மனியில் அப்போது காலை.

அம்மா என்ன செய்தார்? சர்ச்சில் ஜெப விண்ணப்பமாகக் கொடுத்துவிட்டார். "சகோதரி ஷீபாவின் ஹவுசா பரீட்சைக்காக" என்று மைக்கில் வாசித்தார்கள். ரோஸ்லின் ஆன்ட்டி தலைமையில் ஏழு ஆன்ட்டிகள், நேர்காணல் நேரத்துக்கே வீட்டுக்கு வந்து ஜெபிப்பதாக முடிவானது. வைஃபை ஹாலில் மட்டும்தான் ஒழுங்காக வரும் என்பதால் நான் ஹாலில்; ஆன்ட்டிகள் பெட்ரூமில்.

"சத்தம் மட்டும் வெளிய வந்துச்சு, அவ்ளோதான் ம்மா" என்று மிரட்டி வைத்தேன்.

திரையில் தேர்வாளர் வந்தார். பேராசிரியர் லாமி. பச்சைத் துணியில் தலைக்கட்டு, வட்டக் கண்ணாடி, அவசரமே இல்லாத முகம்.

"இனா குவானா?"

"லாஃபியா லௌ!" என்று கத்தினேன்.

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். சரி, அறிமுகம் முடிந்தது, இனி போர்ஷன்தான் என்று சந்தையை ஆரம்பித்துவிட்டேன். சந்தையில் இறைச்சி விற்கப்படுகிறது, மீன் விற்கப்படுகிறது, வெங்காயம் விற்கப்படுகிறது. அவர் கையைத் தூக்கினார்.

"இனா காஜியா?" களைப்பு எப்படி இருக்கிறது என்கிறார்.

நான் படிக்காத பகுதி. அதனால் வெங்காயத்தையே இன்னொரு தடவை விற்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யாயா இயாலி?" என்றார். இயாலி என்றால் குடும்பம்! அது எனக்குத் தெரியுமே! குடும்பம் எப்படி இருக்கிறது என்று விசாரித்த மனுஷியிடம், அப்பா, அம்மா, தம்பிகள் ஐந்து பேர் (எனக்குத் தம்பியே கிடையாது), ஏழு ஆடுகள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தேன். ஆடுகள் வந்ததும் அவர் புருவம் மேலே போனது. அப்புறம் கீழே இறங்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து பெட்ரூம் கதவு திறந்தது. ஆன்ட்டிகளுக்கு டீ போட அம்மா சமையலறைக்குப் போகிறார். போகிறவர் போகலாமில்லையா? என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏய், மேடம் லைன்ல இருக்காங்களா? சொல்ல மாட்டியாடி? ஸ்தோத்திரம் மேடம்! நல்லா இருக்கீங்களா?"

"ம்மா! எக்ஸாம்!"

"சும்மா இருடி. வந்தவங்களை விசாரிக்க வேணாமா? சாப்டீங்களா மேடம்?"

பேராசிரியரின் முகத்தில் லைட் எரிந்தது. "லாஃபியா லௌ! இனா குவானா?"

"எங்களுக்கு என்ன மேடம், கர்த்தர் கிருபைல நல்லா இருக்கோம். அங்க குளிரு ரொம்பவோ?"

"யாயா அய்க்கி?" வேலை எப்படி இருக்கிறது என்கிறார்.

"பிள்ளைங்கல்லாம் சுகமா?"

அவர் ஹவுசாவில் கேட்க, அம்மா தமிழில் சொல்ல, ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் தலையாட்டிக் காத்திருந்து, பிறகு புதிதாக ஒன்றைக் கேட்க, பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தைகூட இருவருக்கும் புரியவில்லை. ஆனால் ஒரு இடத்திலும் தட்டவில்லை. ரோஸ்லின் ஆன்ட்டியும் வந்து கேமராவுக்குள் தலையை நுழைத்து, "மேடம், முட்டிவலிக்கு அங்க என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?" என்றார். அதற்கும் பேராசிரியர் மார்பில் கை வைத்து நீளமாக ஏதோ பதில் சொன்னார்.

பதினைந்து நிமிடம் முடிந்தது. பேராசிரியர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் மென்மையாகச் சொன்னார்: "இந்தத் தேர்வில் முதல் பாதி மார்க் நலம் விசாரிப்பதற்குத்தான். உங்கள் அம்மா முழு மார்க் வாங்கிவிட்டார். விண்ணப்பித்தது நீங்கள்."

விஷயத்தைக் கேட்டு அமினு ஜூஸ் கடையில் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மூக்கு வழியாக மாதுளை ஜூஸ் வந்தது. "முதல் பாடம்" என்று மட்டும் சொன்னான்.

ஒரு வாரத்தில் மெயில் வந்தது. தேர்வாகவில்லை என்று ஒரு வரி. உங்கள் அம்மாவுக்கும் ஆடுகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள் என்று இன்னொரு வரி. அம்மா அந்த இரண்டாவது வரியை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அந்தம்மாவுக்கு என் நம்பர் குடு" என்றார். கொடுத்தேன். திங்கட்கிழமை காலை அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன்.

இரண்டு வருடமாகப் பீன்யாவில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வேலை என்ன தெரியுமா? வருகிறவர்களை நலம் விசாரித்து உட்கார வைப்பது. முதல் பாடத்தைத் தினமும் எட்டு மணி நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கும் பேராசிரியருக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் இன்னமும் ஓடுகிறது. அம்மா தமிழில், அவர் ஹவுசாவில். போன ஞாயிற்றுக்கிழமை வந்ததை அம்மா ஸ்பீக்கரில் போட்டார். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் கேட்டோம்.

"என்னடி சொல்றாங்க?"

"ஆடுங்க எல்லாம் எப்படி இருக்குன்னு கேக்குறாங்க ம்மா."

அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பட்டனை அழுத்திச் சொன்னார்:

"நல்லா இருக்கு மேடம். ஒண்ணு பீன்யாவுக்கு வேலைக்குப் போகுது."