நிசாரின் பாட்டை நான் திருத்திய மாலை

பழைய அம்ப்ளிபயர் சூடேறும்போது தூசி கருகி ஒரு மணம் வரும். கலியாண வீடோ கட்சிக் கூட்டமோ, எங்கே அது மூக்கில் ஏறினாலும் எனக்குக் காது சிவந்துவிடும். உப்புவெளியில் அந்த மாலை முழுசாக எழும்பி என் முன்னால் வந்து நிற்கும்.

கடினமானதுதான் ஆழமானது என்று போன வருடம்வரை நம்பியிருந்தேன். (வசனகவிதை எழுதுகிற ஆள், வேறெப்படி நம்புவேன்?) றொக் இசையிலும் அப்படித்தான். தாளம் ஏழு எண்ணிக்கையில் தொடங்கி, ஐந்துக்குத் தாவி, பதினொன்றில் மூச்சுவாங்காவிட்டால் அது எனக்குப் பாட்டே இல்லை.

எங்கள் மூவர் குழுவில் கிற்றார் நான். பாடகன் நிசார், கிண்ணியாக்காரன். கட்டாருக்கு வேலைக்குப் போக விசா வந்ததும் மனைவி பரீதாவுக்காக ஒரு பாட்டுக் கட்டினான். கிற்றாரில் மொத்தம் மூன்று கோர்ட், மூன்றே சுரக்கட்டு. 'வாசல் விளக்கை அணைக்காதே, எனக்கு இருட்டென்றால் பயம்' – பல்லவியும் அதுதான், சரணமும் அதுதான். இத்தனை வருடக் கலியாணத்தில் அவளிடம் நேரே சொல்லாததெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. போகமுதல் அவளுக்கு முன்னால் பாட வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

"மூண்டு கோர்ட்டிலை பாட்டுக் கட்டுறது, மூண்டு கல்லிலை அடுப்பு வைக்கிற மாதிரி மச்சான்," என்றேன்.

"அந்த அடுப்புச் சோத்திலதானே மச்சான் நாம வளர்ந்த."

நான் விடவில்லை. கடல் பொங்க ஒரு பகுதி, விமானம் எழும்ப ஒரு பகுதி, பிரிவின் தத்துவத்துக்கு ஒரு பகுதி என்று சேர்த்தேன். (தத்துவம் பதினொன்றில் போனது.) ட்ரம்ஸ் அடிக்கும் ஜெயந்தன் வள்ள எஞ்சின் திருத்துகிறவன். "கனக்கக் கழட்டிப்போட்டாய். திரும்பப் பூட்ட ஏலாது," என்றான்.

உப்புவெளிக் கடலோர விடுதியொன்றின் முற்றத்தில், வெயில் சாயும் நேரம் வாசிக்கத் தொடங்கினோம். சொந்தக்காரர் எல்லாம் கதிரைகளில். முன்வரிசையில் பரீதா, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்கு முதல் முடிந்திருக்க வேண்டிய பாட்டு. ஆனால் நிசார் வாய் திறக்க வேண்டிய இடம் வருவதற்குள் பாங்கு ஒலித்துவிட்டது. பாங்கு கேட்டால் எங்கள் பக்கம் ஒலிபெருக்கி தானாக ஓயும், யாரும் சொல்லத் தேவையில்லை. நிறுத்தினோம். தொழப் போனவர்கள் போய்த் திரும்பினார்கள்.

"முதல்ல இருந்தா?" என்றான் நிசார்.

"இல்லை. விட்ட இடத்திலை இருந்து," என்றேன், மகா கலைஞனுக்குரிய கம்பீரத்தோடு.

விட்ட இடம் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. ஜெயந்தன் விமானத்தில் ஏறிவிட்டான். நான் தத்துவத்தில். நிசார் இன்னும் கடற்கரையில் நின்று, எங்கே நுழைவது என்று தெரியாமல் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக. பரீதாவின் உம்மா உரத்துக் கேட்டார்: "மகன், இன்னும் மைக் சரிவரல்லயா?"

முற்றமே சிரித்தது. பரீதா சிரிக்கவில்லை. எல்லாரையும் திருப்பி ஏற்றிப்போக நின்ற கிண்ணியா வான்காரன் ஹோன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்துவிட்டாள்.

நிசார் வந்து என் கிற்றார்த் தந்திகள்மேல் உள்ளங்கையை வைத்தான். என் தத்துவம் அந்தக் கைக்குக் கீழே செத்தது. கிற்றாரை வாங்கித் தன் தோளில் மாட்டினான். பிறகு அவனுடைய மூன்று கோர்ட். வாசல் விளக்கை அணைக்காதே. ஜெயந்தன் காலால் மட்டும் தட்டினான். ஒரு சுரமாவது சேர்க்க என் விரல்கள் துடித்தன. இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் திணித்தேன். 'எனக்கு இருட்டென்றால் பயம்' என்றபோது பரீதா திரும்ப உட்கார்ந்தாள். கைப்பை சரிந்து மணலில் விழுந்தது, எடுக்கவில்லை. வான்காரன் ஹோனை விட்டுவிட்டு இறங்கி வந்து நின்றான்.

இன்றும் வீட்டில் தேங்காய்ப்பால் சொதிக்குள் நான் ஒரு கறிவேப்பிலை கூடப்போட்டால், "என்னப்பா, பதினொண்டிலை போகுதோ?" என்பாள் மனைவி. மகளுக்கு அதைக் கேட்டுச் சிரித்தே புரைக்கேறும்.

நிசார் புறப்பட்ட அன்று, கொழும்பு பஸ்ஸடியில், மன்னிப்புக் கேட்க நீண்ட வசனமொன்று வைத்திருந்தேன். முதல் காற்புள்ளியிலேயே கைகாட்டி நிறுத்தினான்.

"அந்த ஏழுல போற கடல் துண்டு இருக்கே மச்சான், வள்ளத்துல எழும்பி நிக்கிற மாதிரி. நல்லம் அது. என்ட பாட்டுக்குத்தான் வேணாம். நீ அதுக்குத் தனியா வரி எழுது. எழுதினா எனக்குத்தான் முதல்ல அனுப்பணும், சரியா?"