பருப்புச் சோற்றோடு எழுந்த பாலுசாமி

வர்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுந்து நின்றே தீர்வது என்று பாலுசாமி முடிவு செய்துவிட்டார்.

யோசனை கொடுத்தது மில்லில் அவருக்கு மேலே இருந்த ஹெட்கிளார்க் சுந்தரராஜுலு. "இங்கிலீஷ்காரன் எதுக்கும் உடம்பைத்தானுங்க முன்னால அனுப்புவான். பணிய மாட்டேங்கறதுக்கு, எந்திரிச்சு நின்னுட்டேம்பான். உட்டுக்குடுக்க மாட்டேங்கறதுக்கு, காலை ஊனிட்டேம்பான். உங்க உடம்பு ஊட்டுல என்னிக்காவது நின்னிருக்குதுங்களா?"

நியாயமான கேள்விதான். கல்யாணமான நாளாக அந்த உடம்பு, மனைவி சென்னியம்மாள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தே பழகியிருந்தது.

நிற்பதற்கு விஷயமும் தயார். மைத்துனன் செங்கோடன் கிணத்துக்கடவிலிருந்து வந்து, இங்கேயே தங்கி வேலை தேடப் போகிறானாம். அவன் தங்கினால் முதலில் பறிபோவது ஈஸிசேர். அந்த வீட்டில் பாலுசாமி பேச்சுக்குக் கட்டுப்பட்ட பொருள் அது ஒன்றுதான்.

ஞாயிறு மத்தியானம் இலை போட்டாயிற்று. அடுப்படியில் கோழி வறுவல் கமகமத்தது. பருப்புச் சோறு இரண்டு கவளம் உள்ளே போயிருந்தது.

"ஏனுங்க, தம்பி பொட்டியோட வாசல்ல நிக்கறானுங்க."

பாலுசாமி விருட்டென்று எழுந்தார். காலை ஊன்றினார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"இங்கெ தங்கறதுக்காகாது! சொல்லிப்போட்டேன்!"

சென்னியம்மாள் குனிந்து இலையை மடித்தாள்.

"என்ன அம்மணி பண்றே?"

"எந்திரிச்சுப்போட்டீங்களே! எந்திரிச்ச எலையில மறுபடி உக்காரலாமுங்களா? ஊட்டுக்கு ஆகாதுங்க."

"வறுவல் இன்னும் போடலையே!"

"நீங்கதானுங்க அவசரப்பட்டுட்டீங்க."

"வேற எலை போடு."

"ஒருத்தருக்கே ரெண்டு எலைங்களா?" சென்னியம்மாள் மோவாயில் கை வைத்து யோசித்தாள். "விருந்தாளி வந்தா வேணா, கூட உக்காரலாமுங்க. விருந்தாளிய ஒண்டியா உண்ண உடறது மொறையில்லீங்களே."

"விருந்தாளிக்கு இப்ப எங்கெ போறது?"

அவள் வாசலைப் பார்த்தாள். பாலுசாமி அடுப்படியைப் பார்த்தார். ஊன்றிய கால் தானாகவே வாசலுக்கு நடந்தது.

"வாங்க மாப்ளே! ஏன் வெளியிலயே நிக்கறீங்க?"

இரண்டு இலை விழுந்தது. வறுவலும் விழுந்தது. பாலுசாமியின் வாய் நிறைகிற வரைக்கும் காத்திருந்து செங்கோடன் பணிவாகக் கேட்டான்.

"மச்சான், வேலை கெடைக்கிற வரைக்கும் இங்கெயே இருந்துக்கட்டுங்களா?"

ருசி தாளாமல் பாலுசாமியின் தலை ஆடிவிட்டது. பாவம், அவர் வேண்டுமென்று ஆட்டவில்லை.

"மச்சான் சரின்னுட்டாரு கண்ணு. உண்டுபோட்டு அந்த ஈஸிசேர்ல செத்த சாஞ்சுக்கோ" என்றாள் சென்னியம்மாள்.

மறுநாள் ஆபீசில் சுந்தரராஜுலு ஆவலாக ஓடி வந்தார். "என்னங்க, ஊட்டுல நின்னீங்களா?"

"நேத்துப் பொழுதுக்கும் நின்னுட்டேதானுங்க இருந்தேன்" என்றார் பாலுசாமி. "உக்கார எடமில்லீங்களே."