காஷ்மீரண்ணன் காத்திருந்த பனி

தொப்பூர் கணவாயில் சேலத்தைப் பார்த்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் மாற்று வேட்டி, ஒரு சட்டை, பொட்டலம் கட்டிய கேழ்வரகு அடை. எனக்குப் பின்னால் மேட்டின்மேல் நின்று ஒரு மனிதர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"பனி வரும்டா! திரும்பி வாடா!"

எதிரே முக்கி முனகி ஏறி வந்த லாரியிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார். "இன்னாப்பா ஆச்சு அந்தாளுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. என்னை வழியனுப்பறாரு" என்றேன்.

கத்தியவருக்கு ஊரில் காஷ்மீரு என்று பெயர். எனக்குக் காஷ்மீரண்ணன். விந்திய மலைக்குத் தெற்கே, பனி கொட்டவில்லை என்பதற்காக வானத்தோடு பகை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர் ஒருவர்தான். வெயிலைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மழை இல்லை என்று மண்ணை வாரித் தூற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தர்மபுரிச் சீமையில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வருசமும் பனிப்புயல் ஏமாத்திடுச்சே" என்று தலையில் கை வைத்த மனிதரை வேறெங்கும் பார்த்ததில்லை. நான் பார்க்காத ஊர் குறைவு.

அறுபதுகளின் கடைசியில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. செங்கல் சூளை, அரிசி ஆலை, மாங்காய் மண்டி என்று பல இடங்களில் கால் வைத்து எடுத்துவிட்டு, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து நடந்து வந்தேன். வயிற்றில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. கணவாய் ஏறி முடிக்கிற இடத்தில், நல்லம்பள்ளிப் பக்கமாக, ஓலை போட்ட அவருடைய டீக்கடை இருந்தது. மேடேறிக் கொதித்துப்போன லாரிகள் அங்கே நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். எந்நேரமும் ஆவி பறக்கும் இடம். பனிக்குக் காத்திருக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் அதுதான்.

டீயும் பன்னும் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பனி பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"சும்மாவாச்சும் பாத்தன்னு சொல்லலியே. போன வாரம் ஒருத்தன் வந்தான், ஊட்டில பாத்தானாம். ஊட்டில விழுறதெல்லாம் பனியா? புல்லு மேல உப்புத் தூவுன மாதிரி! அனுப்பிட்டன். நீ வேலைக்கு இரு."

இப்படி ஒரு தகுதிக்காக எனக்கு அதற்கு முன்பும் வேலை கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை.

அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். வடக்கே எல்லையில் பனிக்குள் மாட்டி, இடது காலில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். இது அவர் சொன்னது. ஊர் நம்பவில்லை. விரல் கடிக்கிற பனி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நல்லம்பள்ளியில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சமையல் அண்டா விழுந்து நசுங்கிவிட்டது என்று ஒரு கட்சி. தூங்கும்போது பெருச்சாளி தின்றுவிட்டது என்று இன்னொரு கட்சி. பெருச்சாளிக் கட்சிக்குத்தான் ஆள் அதிகம்.

"பனிதானே அண்ணா, மார்கழியில தெனமும் விழுதே?" என்று யாராவது வாயைக் கிண்டுவார்கள்.

"அது மூஞ்சி கழுவற பனி. நான் சொல்றது வூட்டையே மூடற பனி. கதவைத் தொறந்தா தெரு இருக்காது. தெரியுமா?"

"தெரு இல்லன்னா எப்பிடிணா கடைக்கு வர்றது?"

ஊர் கேலி செய்ததற்காக அவர் பனியைத் தேடவில்லை. காரணம் அவர் மனைவி ஆரோக்கியம் அக்கா. கல்யாணமான புதிதில், "பனின்னா எப்படி இருக்கும்?" என்று அக்கா ஒருமுறை கேட்டிருக்கிறார். இவர் சொல்லிப் பார்த்தார். பஞ்சு மாதிரி என்றார், மாவு மாதிரி என்றார், எதுவும் சரியாக வரவில்லை. "சொன்னா புரியாது புள்ள. காட்டறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதில்தான் சிக்கல். அக்காவுக்குச் சக்கரம் வைத்த எதுவும் ஒத்துக்கொள்ளாது. பஸ் ஏறினால் தர்மபுரி போய்ச் சேர்வதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். கால்நடையாக என்றால் வத்தல்மலை ஏறி, கேழ்வரகு மூட்டையைத் தலையில் வைத்து இறங்குவார். ரயிலைத் தூரத்தில் பார்த்தாலே எலுமிச்சம்பழம் தேடுவார்.

"இவளைக் காஷ்மீரத்துக்குக் கூட்டிப் போறதுக்கு, காஷ்மீரத்தை இங்க கூட்டியாறது சுலபம்" என்பார் அண்ணன். அதில் உறுதியாக நின்றார்.

மார்கழி பிறந்தால் அக்காவின் தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்து வெளிச் சுவரின் மேல் வைத்துவிடுவார். அதுதான் அவருடைய கருவி. விடிந்ததும் சீசாவைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். எண்ணெய் அசையாவிட்டால் லாரிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "உறைஞ்சிருச்சு பாத்தீங்களா? இன்னும் கொஞ்சம்தான். வந்துரும்."

அக்கா தலைவார வேண்டுமே. சீசாவைக் கொண்டுபோய் டீ அடுப்பின் பக்கத்தில் வைப்பார். அண்ணன் பதறுவார்.

"ஏ புள்ள! ராவெல்லாம் சேத்து வெச்ச குளுரைக் கரைக்கறியே!"

"உங்க குளுரைத் தலைக்கா தடவறது? எண்ணெயை எடுத்தாங்க!"

ஐப்பசி கார்த்திகையில் ரேடியோ புயல் என்று சொன்னால் அண்ணன் கடையை ஒழுங்காக நடத்தமாட்டார். டீயில் சர்க்கரை இரண்டு தடவை விழும். முதலில் பெரும் புயல், அதன் வாலைப் பிடித்துக் குளிர், குளிரின் பின்னால் பனி என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. புயலோ மெட்ராஸில் மரத்தைச் சாய்த்து, வேலூரில் ஓட்டைப் பிரித்து, எங்களிடம் வரும்போது வாசல் தெளிக்கிற அளவுக்குத் தூறிவிட்டுப் போய்விடும்.

"கடலோரத்துக்காரன் எல்லாத்தையும் அவனே புடிச்சு வெச்சுக்கறான்யா. நமக்குன்னு ஒண்ணு உருப்படியா வருதா?" என்று டிரைவர்களிடம் நியாயம் கேட்பார். அவர்களும் தலையாட்டுவார்கள். தலையாட்டாதவர்களுக்கு டீ ஆறித்தான் வரும்.

ஒரு சித்திரையில் ஆலங்கட்டி மழை பிடித்தது. புளியங்கொட்டை அளவில் தொடங்கி, எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. கீழே கடலை போட்டிருந்தவர்கள் சட்டிபானைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்கள் கடைக்கு ஓடி வந்தார்கள். "காஷ்மீரண்ணா! உங்க சரக்கு வந்து எறங்கிருச்சு!"

அண்ணன் டீப் பாய்லரின் மூடியைத் தலைக்கு மேல் பிடித்தபடி வெளியே போய் நின்றார். மூடியில் தடதடவென்று விழுந்தது. ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார். வீசி எறிந்தார்.

"இதுவா பனி? இது வானம் நம்மைக் கல்லால அடிக்குது. பனி சத்தம் போடாதுடா. அது வர்றது நாய்க்குக்கூடத் தெரியாது. எந்திரிச்சுப் பாத்தா வந்திருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கிறிஸ்துமஸ் குடில் கதையை ஊர் இன்னும் மறந்திருக்காது. மாதா கோயிலில் மாட்டுக்கொட்டகை கட்டி, சாமி சுரூபங்களை வைத்து, கூரையில் பஞ்சைப் பிய்த்துப் போடுவது வழக்கம். அண்ணனுக்கு அந்தப் பஞ்சைக் கண்டால் ஆகாது. "தலகாணியைக் கிழிச்சுப் போட்டுட்டுப் பனிங்கறீங்களே, சாமி" என்று பங்குச் சாமியாரோடு வருடா வருடம் சண்டை. ஒரு வருடம் சாமியார் களைத்துப்போய், "நீயே பண்ணப்பா" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் சேலத்திலிருந்து லாரியில் ஐஸ் பாறை வரவழைத்தார். மரத்தூள் கொட்டி, கோணிச்சாக்கு சுற்றி வந்தது. தொப்பூர் வருவதற்குள் பாதி ரோட்டுக்குப் போய்விட்டது. மீதியை நானும் அவரும் தேங்காய்த் துருவியில் உட்கார்ந்து மத்தியானமெல்லாம் துருவினோம். கை மரத்துவிட்டது. அண்டாவில் தூக்கிக்கொண்டு ஓடி, குடில் முழுக்கக் கொட்டினோம். பெத்லகேம் வெள்ளையாகிவிட்டது. சாமியாரே வாயைப் பிளந்தார்.

பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். அதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் சனம் வரத் தொடங்கியபோது குடிலிலிருந்து தண்ணீர் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுரூபமெல்லாம் மண். சூசையப்பரின் தாடி கரைந்து நெஞ்சுக்கு வந்துவிட்டது. மூன்று ராசாக்களின் சாயமும் கலந்து மூவரும் ஒரே நிறமானார்கள். குழந்தை சேசுவை மட்டும் அக்கா ஓடிப்போய் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டார். அந்த ஈரத்தோடு அண்ணனைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"இதுதாங்களா பனி?"

சரி என்று சொல்லியிருந்தால் அவருடைய கடமை அன்றோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை.

"இல்ல புள்ள. நாம துருவுனா அது ஐசு. தானா வுழணும்."

அந்தத் தோல்விதான் அவரைப் பனிச்சோற்றுக்குக் கொண்டுவந்தது. எங்கள் பக்கம் மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஊர் எல்லையில் உட்கார்ந்து உண்டு, ஒப்பாரி வைத்து, "இந்த ஊர் வேண்டாம், பரதேசம் போறோம்" என்று மூட்டையோடு நடப்பார்கள். ஊர்ப்பெரியவர் பின்னாலேயே போய், "மழை வரும், திரும்பி வாங்க" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் திரும்பலாம். கூப்பிட்டவரின் வாக்கை வானம் காப்பாற்றும் என்பது நம்பிக்கை. மழைச்சோறு என்று அதற்குப் பெயர். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரரான அண்ணன் அடுத்த மார்கழியில் பானையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"பனிச்சோறு போடுங்கம்மா!"

"களி ஆகுமா அண்ணா, சோறுதான் வேணுமா?"

"எது போட்டாலும் சரி. சூடா மட்டும் போடாதீங்க."

சிரித்துக்கொண்டேதான் போட்டார்கள். போடாத வீடு இல்லை. எல்லைக் கல்லருகே உட்கார்ந்து உண்டார். ஒப்பாரி தெரியாததால் பட்டாளத்தில் அணிவகுத்து நடக்கும்போது பாடுகிற பாட்டு ஒன்றைச் சோகமாகப் பாடினார். பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டி நடந்து, ஒரு புங்கமரத்தடியில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். யாராவது வந்து கூப்பிட வேண்டும்.

யாரும் வரவில்லை. நான் ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன்.

"மழைக்குன்னா கூப்புடுவன்" என்றார் அவர். "பனிக்குக் கூப்ட்டு, அது நெசமாவே வந்து தொலைஞ்சா? என் தொவரங்காட்டை யாரு பாக்கறது?"

ஊரில் அண்ணனை நம்பிய முதல் ஆள் அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அக்காவோ, "போனவருக்கு வழி தெரியாதா? கால் இருக்குதில்ல?" என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் குடித்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்கண்ணா. வெயிலு மண்டையைப் பொளக்குது."

"கூப்புடாம எப்படிடா வர்றது? வானம் பாத்துக்கிட்டிருக்குது. ஆளில்லாத ஊருன்னு நெனச்சுக்காதா?"

"நான் கூப்புடறன்."

"நீ ஊர்சுத்தி. நீ கூப்ட்டாச் செல்லாது."

பொழுது மேற்கே சாய்ந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. அப்படி நான் பார்த்ததில்லை. குடில் கரைந்தபோதுகூட இல்லை. பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். நிஜமாகவே போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. கூப்பிட ஆளில்லாத ஊரில் எப்படி இருப்பது?

அப்போதுதான் அக்கா வந்தார். அடுப்படியிலிருந்து நேராக நடந்து வந்த முகம் வேர்வையில் பளபளத்தது.

"ஏங்க."

அண்ணன் திரும்பவில்லை.

"பனி வரும். வூட்டுக்கு வாங்க."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும். எனக்குக் குளுருது. எழுந்திரிங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். பல்லு கிட்டுது" என்று சொல்லி, நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் பெட்டியைத் தூக்கினார். என்னிடம் கொடுக்கவில்லை, அவரே தூக்கி வந்தார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். எண்ணெய்ச் சீசாவைச் சுவரின் மேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர் அக்கா.

அதற்கப்புறமும் அங்கே இருந்தேன். எனக்கு ஓரிடத்தில் அவ்வளவு காலம் கால் தங்கியதே அதிசயம். பிறகு வழக்கம்போல் கால் அரிப்பெடுத்தது. ஒரு காலையில் கிளம்புகிறேன் என்றேன். அக்கா அடை கட்டிக் கொடுத்தார். அண்ணன் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பாதிக் கணவாய் இறங்கிய பிறகுதான் அந்தக் குரல் வந்தது.

"பனி வரும்டா! திரும்பி வாடா!"

எத்தனையோ ஊரைவிட்டு நடந்திருக்கிறேன். எந்த ஊரும் பின்னால் வந்து கூப்பிட்டதில்லை. கையைத் தூக்கி ஆட்டினேன். திரும்பிப் பார்த்தால் திரும்பிவிடுவேன் என்று தெரிந்ததால் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சேலத்தில் ஓர் ஐஸ் கம்பெனி வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"குளுரு தாங்குவியா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"பழக்கமுங்க" என்றேன்.

கொக்கியால் பாறையை இழுத்து, ரம்பத்தால் அறுக்கச் சொன்னார். வெள்ளைத் தூள் பறந்து என் முழங்கையில் விழுந்தது. விழுந்த சத்தமே கேட்கவில்லை. இதையும் பனி இல்லை என்றுதான் அண்ணன் சொல்வார். ஆனாலும், தர்மபுரிப் பக்கம் எந்த லாரி போகிறது என்று மேஸ்திரியைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.