ஜூலிக்கு வந்த ஐஸ் பெட்டி

கரண்ட் போனதும் டென்சில் முதலில் பார்த்தது ஜூலியின் காதுகளைத்தான். காது சிவந்தால் உடம்பு கொதிக்கிறது என்று அர்த்தம். லேசாகச் சிவந்திருந்தது.

ஜூலி ஒரு சின்சில்லா. பாதி முயல் அளவு, அணிலைப் போல வால், உடம்பெல்லாம் பஞ்சு. குளிர்மலைப் பிராணி என்பதால் வெயில் துளியும் ஆகாது. இப்போது நிறைமாதம் வேறு. சித்திரை வெயிலில் சுரங்க ஊரான கோரமண்டலே காய்ந்துகொண்டிருந்தது. ஏசி ஓடாவிட்டால் தாயும் தங்காது, வயிற்றில் இருப்பதும் தங்காது.

டென்சில் ஏனோதானோவென்று குட்டி போட வைக்கிற ரகமில்லை. ஆணும் ஜூலியும் ஒரே வம்சமில்லை என்று துருவித் துருவி விசாரித்துத்தான் ஜோடி சேர்த்தான். கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆண் சின்சில்லாவைப் பெங்களூரு நண்பன் வீட்டுக்கு அனுப்பினான். குட்டி கேட்டவர்களின் வீடுவீடாகப் போய், ஏசி இல்லாதவர்களைத் தட்டிக் கழித்தான். வோல்டேஜ் சரியில்லை என்று கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தான். அங்கே இவன் தலை தெரிந்தாலே எல்லோருக்கும் டீ குடிக்கத் தோன்றிவிடும்.

"ஈரத் துணிய போத்தி வுடு மாப்ள," என்றார் மாமனார் இன்பராஜ்.

"அதுக்கு முடி நனையக் கூடாது மாமா."

"நாங்க சுரங்க ஷாஃப்டுக்குள்ள வெந்துகினே ஷிஃப்ட் பார்த்தோம். எங்களுக்கு எவன் ஏசி போட்டான்?" என்று முனகியபடி, முன்னறைக் கட்டிலில் நீட்டிப் படுத்து, வாயைப் பிளந்து தூங்கிப்போனார்.

டென்சில் ஐஸ் வாங்க ஓடினான். கடை ஃப்ரிட்ஜிலும் ஐஸ் தண்ணீராகியிருந்தது. வேறு வழியில்லாமல், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் நாகேஷுக்குப் போன் போட்டான்.

"ஜெனரேட்டர் மட்டும் வாடகைக்கு வேணும் நாகேஷ்."

"தனியா தர்றதில்ல சார். ஐஸ் பெட்டியோட சேத்துதான்."

"இன்னா பெட்டி?"

"பாடி வெக்கிறது சார். யாரு, வயசானவங்களா?"

"அதெல்லாம் அப்புறம். சீக்கிரம் வா."

வண்டி வந்தது. பெட்டியை முன்னறையில், இன்பராஜின் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஜெனரேட்டரை ஏசிக்குக் கொடுத்ததும் அது இருமி நின்றது.

"ஏசிய இழுக்காது சார். பெட்டிய மட்டுந்தான் இழுக்கும்," என்றான் நாகேஷ்.

சரி, பெட்டியாவது ஓடட்டும். டென்சில் மூடியைத் திறந்து வைத்து, ஜூலியின் கூண்டைப் பெட்டியோரம் நகர்த்தினான். சில்லென்று காற்று வந்தது. காதின் சிவப்பு மெல்லக் குறைந்தது. டென்சிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நிம்மதி அடுத்த வீட்டு ஷைலா வரும்வரைதான். வாசலில் வண்டி, உள்ளே பெட்டி, பக்கத்தில் வாய் பிளந்து கிடக்கும் இன்பராஜ். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"காலையில கூட எங்கிட்ட பேசினாரேண்ணா..."

"ஷைலா, மெதுவா. சத்தம் ஆகாது."

"எப்டிண்ணா மெதுவா அழுறது?"

அழுகை தெருமுனைவரை போனது. தெருவே உள்ளே வந்தது. சர்ச் ஆட்கள் பாட்டுப் புத்தகத்தோடு வந்து ஜன்னலை மறைத்து நின்றார்கள். இத்தனை பேரின் மூச்சில், ஐஸ் பெட்டி கொடுத்த குளிரெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஜூலி பக்கவாட்டில் சாய்ந்து இரைத்தது. காது மறுபடி சிவந்தது.

இரண்டாம் பாட்டுக்கு இன்பராஜ் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா கூட்டம்? யாரு போயிட்டது?"

பாட்டு பாதியில் நின்றது. ஷைலா அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரும் சாகல," டென்சிலின் குரல் உடைந்தது. "கரண்ட் வரலன்னா ஜூலிதான் செத்துடும். வயித்துல குட்டி கீது. தயவுசெஞ்சி எல்லாரும் வெளிய போங்க. யாராச்சும் கரண்ட் ஆபீசுக்கு ஓடுங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லைன்மேன் பிரதாப் முன்னால் வந்தார். கையில் ரோஜா மாலை. அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் பிடித்தபடியே சொன்னார்.

"நீங்க குடுத்த வோல்டேஜ் கம்ப்ளெயின்டுக்குத்தான் சார் லைன நிறுத்தி வேல பாத்துனு இருந்தோம். ஒரு கம்பிய முறுக்கினா கரண்ட் வந்துடும், உங்க வீட்ல சாவுன்னாங்க, அப்டியே போட்டுட்டு வந்துட்டோம்."